ஹிமாலயன் 411 முன் டயர்: பட்டன் டயரா, ரோடு டயரா?

பரமக்குடி_411:
என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்கு முன் டயர் மாத்தணும், அளவு 90/90-21. இப்ப இருக்குறது பட்டன் டயர், அதாவது ரப்பர் கட்டை கட்டையா துருத்திக்கிட்டிருக்குற டயர். நடுப் பட்டன் தேய்மான அடையாள மேட்டுக்குச் சமமா வந்துடுச்சு. ஓரத்துல ஒரு பட்டன் மேடு, அடுத்தது பள்ளம்னு அலை அலையா இருக்கு. ஓட்டம் மதுரை ரோடு, தூத்துக்குடி வரை ஈ.சி.ஆர்., மாசம் ரெண்டு தடவை தனுஷ்கோடி அரிச்சல்முனை. திரும்பவும் பட்டன் டயரே போடலாமா?

கச்சான்காற்று:
ரோடு டயர் போடுங்க தம்பி. நீங்க சொன்ன எல்லாமே தார் ரோடு. அரிச்சல்முனை மணலுக்குப் பயந்துதான் பலரும் பட்டன் டயர் வாங்குறாங்க. முகுந்தராயர் சத்திரம் தாண்டினதும் காத்து வாரிப் போடுற மணல் தார் மேல மாவு தூவின மாதிரி கிடக்கும். பட்டன் புதைஞ்சு பிடிக்க அதுல ஆழமே இல்ல. பட்டன் தலை மட்டும் தரையைத் தொடும், தரையில படுற ரப்பர் குறையும், பிடியும் குறையும். அங்க எந்த டயரா இருந்தாலும் வண்டி நிமிர்ந்து நிக்கும்போதே பிரேக்கை முடிச்சுடணும். பாம்பன் பாலத்துல ஆடி மாசத்துக் கச்சான் காத்து பக்கவாட்டுல தள்ளும்போது உயரமான பட்டன் வளைஞ்சு கொடுக்கும், ஹேண்டில் மிதக்கும்.

கண்மாய்க்கரை:
அண்ணே, நீங்க மெயின் ரோட்டை மட்டும் பாக்குறீங்க. நம்ம மாவட்டத்துல 2 கிலோமீட்டர் உள்ள இறங்கினா கண்மாய்க் கரைதான். ஐப்பசி மழையில கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல், ரோடு டயரோட சின்னக் காடியை நாலு சுத்துல அடைச்சுடும். அப்புறம் அது வழுக்கை டயர்தான். பின் சக்கரம் வழுக்கினா சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினா நேரா கீழதான். சீமைக்கருவேல முள் வேற இருக்கு. தடிச்ச பட்டன்ல அது உள்ள போறது கஷ்டம்.

கச்சான்காற்று:
கரிசல் சேறு விஷயத்துல நீங்க சொல்றது சரி. தம்பி அந்தப் பக்கம் போறதா இருந்தா பட்டன்தான். முள் கணக்கை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. ரெண்டு பட்டனுக்கு நடுவுல இருக்குற ரப்பர் எவ்வளவு மெல்லிசுன்னு கட்டைவிரலை வச்சு அழுத்திப் பாருங்க. முள் அந்த இடைவெளியிலதான் ஏறுது.

உச்சிப்புளி மெக்கானிக்:
எந்த டயர் வாங்கினாலும், முதல்ல அந்த அலைத் தேய்மானம் ஏன் வந்துச்சுன்னு பாருங்க. பட்டன் டயர்ல பிரேக் பிடிக்கப் பிடிக்க இது கொஞ்சம் வரும். ஆனா காத்து கம்மியா ஓட்டினாலும், ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங், அதாவது கோன் செட், லூஸா இருந்தாலும் வேகமா வரும். மெயின் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் ரெண்டையும் அடியில பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'டக்'னு கேட்டா கோன் செட்டைச் சரி பண்ணாம புது டயர் போடாதீங்க, அதுவும் இதே மாதிரிதான் தேயும்.

மாட்டும்போது டியூபும் புதுசு போடுங்க. பழைய டியூப் விரிஞ்சிருக்கும், மடிஞ்சு உட்கார்ந்து அந்த மடிப்புலயே அறுந்துடும். ரிம் டேப்பைக் கழட்டி, ஸ்போக்ஸை ரிம்ல பிடிச்சிருக்குற நிப்பிளைப் பாருங்க, உப்புக் காத்துல முதல்ல துரு பிடிக்கிறது அங்கதான். டயர்ல அம்புக்குறி ரெண்டு இருந்தா முன் சக்கரத்துக்குன்னு போட்டதைப் பாத்து மாட்டணும். கடைசி நாலு இலக்க எண்ணையும் பாருங்க. 3524-ன்னா 2024-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் தயாரிச்சது. சக்கரம் மாட்டினதும் பிரேக் லிவர் இறுகுற வரைக்கும் அழுத்திட்டுத்தான் கிளம்பணும், பிரேக் பேட் உள்ள தள்ளியிருக்கும்.

முள் பஞ்சர்னா டியூபை மட்டும் ஒட்டாதீங்க. முனை ஒடிஞ்சு டயருக்குள்ளயே நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. பருத்தித் துணியால உள்பக்கம் முழுசாத் துடைச்சா நூல் மாட்டிக்கிட்டு இழுபடும். அதை எடுக்காம மாட்டினா மறுபடி பஞ்சர்தான்.

பரமக்குடி_411:
ஸ்போக்ஸ் ரிம்முக்கு உள்ள சீல் அடிச்சு டியூப்லெஸ் ஆக்கிடலாமா?

உச்சிப்புளி மெக்கானிக்:
முன்னால வேணாம். டியூப்லெஸ் ரிம்ல டயர் ஓரத்தை இறுக்கிப் பிடிக்க உள்ள ஒரு மேடு இருக்கும். டியூப் ரிம்ல அது கிடையாது. காத்து இறங்கினா ஓடிக்கிட்டிருக்கும்போதே டயர் ரிம்மை விட்டு விலகும்.

கண்மாய்க்கரை:
சரி, ரோடு டயரே போடட்டும். தனுஷ்கோடி மணலுக்குக் காத்தை 5 பி.எஸ்.ஐ. குறைச்சுக்கலாமே?

உச்சிப்புளி மெக்கானிக்:
குறைக்காதீங்க தம்பி. பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம் மேல நகரும், டியூபையும் சேர்த்து இழுக்கும், வால்வு அடியில கிழியும். காத்தைக் காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடியே பாருங்க. சூடு 10 டிகிரி ஏறினா ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல ஏறிடும், மத்தியானம் அதைப் பாத்துக் குறைச்சா ராத்திரி கம்மியா நிக்கும். அந்தக் குறைஞ்ச காத்துல மதுரை வரைக்கும் ஓட்டினீங்கன்னா புது டயர்லயும் இதே அலைதான் வரும்.