எக்ஸ்பி மெஷின்ல பழைய ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகமாட்டேங்குது, மெஷினையும் மாத்த முடியாது, என்ன பண்ணலாம்?

பத்திரிகை_பிரஸ்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா சிவகாசி பக்கத்துல சின்னதா ஒரு பிரஸ் வச்சிருக்காங்க, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக்குனு ஓடுது. கம்போசிங் மெஷின் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, 1 ஜிபி ரேம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதுல பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7ம் தமிழ் ஃபான்ட், கீபோர்டுக்கான ஸ்ரீலிபியும் இருக்கு, ஸ்ரீலிபிக்கு பின்னாடி பிரிண்டர் போர்ட்ல மாட்டுற டாங்கிள், சாஃப்ட்வேருக்கு சாவி மாதிரி. இத்தன வருஷத்து மேட்டர் எல்லாம் அந்த ஃபான்ட்லயே கிடக்கு, எல்லா மெஷின்லயும் தெரியற யூனிகோட் கிடையாது, வேற மெஷின்ல திறந்தா எழுத்தே தெரியல, வெறும் குறியா வருது. அதனால புது மெஷின் வாங்குங்கற பதில் மட்டும் வேணாம், அப்பாவுக்கு கை பழகினது இதுதான், முகூர்த்த சீசன்ல நிறுத்தவும் முடியாது.

இதுல ஒரு ஃப்ரீ ஆன்டிவைரஸ் போட்டிருக்கோம். முன்னாடி அதுவா அப்டேட் ஆகும், இப்ப கொஞ்ச நாளா சர்வரோட கனெக்ட் ஆகலனு சொல்லிட்டு மஞ்சள் முக்கோணம் காட்டிக்கிட்டே இருக்கு. புது வெர்ஷன் இறக்கிப் போட்டா இந்த விண்டோஸ்ல ஓடாதுங்குது. கஸ்டமர் கொண்டு வர்ற பென் டிரைவ்தான் பயமா இருக்கு, பாதிக்கு மேல ஷார்ட்கட் வைரஸோடதான் வருது, ஃபோல்டர் எல்லாம் ஒளிஞ்சிக்கிட்டு அம்புக்குறி போட்ட ஐகான் மட்டும் நிக்கும். இந்தப் பழைய ஆன்டிவைரஸையே எப்படியாவது அப்டேட் ஆக வைக்க வழி இருக்கா, இல்ல எக்ஸ்பில ஓடுற வேற ஏதாவது இருக்கா? இன்னொண்ணு, கரண்ட் போயிட்டு வந்தா மெஷின்ல தேதி பழைய வருஷத்துக்குப் போயிடுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

கரூர்_சர்வீஸ்:

தம்பி, கடைசியா கேட்டீங்களே, அதை மொதல்ல பாருங்க. மதர்போர்டுல தேதிய ஞாபகம் வச்சிருக்கிற சிமாஸ் பேட்டரி செத்துப்போச்சு. காசு மாதிரி வட்டமா இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட், எந்த வாட்ச் கடையிலயும் கிடைக்கும். மெஷின ஆஃப் பண்ணி வயர உருவிட்டு பழசக் கழட்டி புதுச மாட்டுங்க, எழுத்து இருக்கிற பக்கம் மேல வரணும், அப்புறம் மெஷின் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் செட்டிங்ல போய் தேதி, நேரம் சரி பண்ணி சேவ் பண்ணுங்க.

தேதி தப்பா இருந்தா அப்டேட் நிச்சயம் அடிபடும். சர்வர் தன் அடையாளமா காட்டுற சர்டிபிகேட்டுக்கு இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும்னு ஒரு கெடு இருக்கு, உங்க மெஷின் 2004ல நிக்கிதுன்னா அந்த சர்டிபிகேட் இன்னும் பொறக்கவே இல்லைனு நினைச்சு கனெக்ஷன கட் பண்ணிடும். எக்ஸ்பில இருக்கிற இன்டர்நெட் டைம் சரி பண்ணிடும்னு விட்டுடாதீங்க, தேதி ரொம்ப தள்ளி இருந்தா பாதுகாப்பு காரணம் சொல்லி அது சிங்க் பண்ணவே மறுக்கும். கையால மாத்தணும்.

மாத்தியும் அப்டேட் ஆகலன்னா வேற விஷயம், அதை இங்க நெட்வொர்க் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

சர்வர்_ரூம்:

அண்ணன் சொன்னது சரி, ஆனா பேட்டரி மாத்தினாலும் இது முழுசா சரியாகும்னு நம்பிக்கை வைக்காதீங்க ப்ரோ. சர்வரோட பாதுகாப்பா பேசுற முறைக்கு டிஎல்எஸ்னு பேரு, எக்ஸ்பியோட சொந்த டிஎல்எஸ் 1.0 தோட நின்னுடுது, இப்ப பெரும்பாலான சர்வர் 1.2க்கு கீழ பேசவே பேசாது. சில ஆன்டிவைரஸ் விண்டோஸோட ஏற்பாட்ட நம்பி இருக்கும், சிலது சொந்தமா ஒண்ணு கொண்டு வரும், மொத வகைன்னா அதோட கதை முடிஞ்சது. அப்புறம் ரூட் சர்டிபிகேட், மத்த சர்டிபிகேட்ட நம்புறதுக்கு அடிப்படையா மெஷின்ல இருக்கிறது. 2021 செப்டம்பர் 30ல டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ் 3 னு ஒரு ரூட் காலாவதி ஆச்சு, அதை நம்பி இருந்த பழைய மெஷின், பழைய போன் எல்லாம் ஏகப்பட்ட சைட்டோட பேச முடியாம போச்சு. நெட் நல்லா இருக்கு, கேபிள் நல்லா இருக்கு, ஆனா கனெக்ட் ஆகலனு வந்தா பாதி நேரம் இந்த மாதிரிதான்.

இதுக்கு மேல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆன்டிவைரஸ்ல இன்ஜின் வேற, டெஃபினிஷன் வேற. டெஃபினிஷன்ங்கறது எந்த வைரஸ் எப்படி இருக்கும்ங்கற பட்டியல், தினமும் மாறும். அந்தப் பட்டியல படிச்சு ஃபைல சோதிக்கிறது இன்ஜின். பழைய இன்ஜினுக்கு புதுப் பட்டியல ஊட்டிக்கிட்டே இருக்கலாம்னு தோணும், ஒரு கட்டத்துல அது படிக்கவே தெரியாம நின்னுடும். 2010 ஏப்ரல்ல கிளாம்ஏவிங்கற ஃப்ரீ ஆன்டிவைரஸ்காரங்க இதையே வெளிப்படையா பண்ணாங்க, 0.95க்கு முந்தின வெர்ஷன் எல்லாத்தையும் ஒரு அப்டேட் அனுப்பியே நிறுத்தினாங்க, ஏன்னா பழைய வெர்ஷனால பட்டியல்ல வர்ற பெரிய சிக்னேச்சர (வைரஸோட அடையாளம்) சரியா கையாள முடியல. அப்ப நிறைய மெயில் சர்வர் நின்னு போச்சு. மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கு ஆதரவ 2014 ஏப்ரல் 8ல நிறுத்திட்டாங்க, அவங்க ஆன்டிவைரஸான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் போட்டிருந்தவங்களுக்கு மட்டும் டெஃபினிஷன் 2015 ஜூலை 14 வரைக்கும் வந்துச்சு. அவாஸ்ட்ல எக்ஸ்பிக்கு 18.8 தான் கடைசி வெர்ஷன், மால்வேர்பைட்ஸ்ல 3.5.1. எல்லாமே ஏதோ ஒரு இடத்துல நின்ன இன்ஜின்தான்.

உங்க ஆன்டிவைரஸ் கம்பெனி சைட்ல ஆஃப்லைன் அப்டேட்னு தனியா ஃபைல் கொடுக்கிறாங்களானு பாருங்க, சில கம்பெனி கொடுக்கும். உங்க வெர்ஷனுக்கு இன்னும் இருந்தா வேற மெஷின்ல இறக்கி, சுத்தமான பென் டிரைவ்ல கொண்டு போய் போடலாம், டிஎல்எஸ் பிரச்சனையே வராது. அவங்க சைட்ல மட்டும் இறக்குங்க. பழைய வெர்ஷன் கொடுக்கிறோம், கீ கொடுக்கிறோம்னு எங்கயோ இருந்து வர்ற செட்டப் ஃபைல தொடாதீங்க, ஆன்டிவைரஸ் வேஷத்துல வைரஸே வர்ற இடம் அது.

வேற ஆன்டிவைரஸ் கேட்டீங்க. கிளாம்வின் எக்ஸ்பில ஓடும், ஆனா அதுல ரியல் டைம் ஸ்கேன் கிடையாது, நீங்களா ஃபைல காட்டி ஸ்கேன் பண்ணச் சொன்னாதான் பண்ணும். அது தெரிஞ்சு பயன்படுத்தினா பரவாயில்ல.

வேகம்_முக்கியம்:

1 ஜிபி ரேம்ல பேஜ்மேக்கரும் ஆன்டிவைரஸும் சேந்து ஓடுறதே பாவம். என் கருத்து, ஆன்டிவைரஸ தூக்கிடுங்க. அப்டேட் இல்லாத ஆன்டிவைரஸ் பழைய வைரஸதான் பிடிக்கும், புதுசு எதுவும் அதுக்குத் தெரியாது, சும்மா ரேம் தின்னுக்கிட்டு பாதுகாப்பா இருக்கோம்ங்கற நெனப்பு மட்டும் தரும். நெட் கேபிள உருவி வச்சிட்டா பாதி ஆபத்து போச்சு.

சர்வர்_ரூம்:

கேபிள உருவுறத நானும் ஆதரிக்கிறேன், அதுதான் இதுல பெரிய வேலை. ஆன்டிவைரஸ தூக்குறதுல மட்டும் உடன்பாடு இல்ல. இவருக்கு வர்ற ஆபத்து பென் டிரைவ் வழியா, பென் டிரைவ்ல சுத்துறது பெரும்பாலும் வருஷக்கணக்கா அதே ஷார்ட்கட் வைரஸ், மாட்டினதும் தானா ஓடுற அதே ஆட்டோரன் கூட்டம்தான். பழைய டெஃபினிஷன்லயே அதுங்க நிறைய மாட்டும். அதனால இருக்கட்டும், ஆனா அது காவல் காக்குதுனு எண்ணி எதையும் திறக்கக் கூடாது.

நெட் ஏன் வேணாம்ங்கிறேன்னா, வான்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கும், 2017 மே 12. யாரும் எந்த ஃபைலயும் திறக்க வேண்டியதே இல்ல, நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற எஸ்எம்பில ஓட்டை இருக்கிற மெஷினா தேடித் தேடி அதுவா நுழைஞ்சது. அந்த ஓட்டைய அடைக்கிற பேட்ச் மார்ச்லயே வந்திருந்துச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்க, அதிகமா அடி வாங்குனது விண்டோஸ் 7. அடுத்த நாளே மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கும் தனியா பேட்ச் விட்டாங்க, கேபி 4012598. 2019 மே மாசம் புளூகீப்ங்கற இன்னொரு ஓட்டைக்கும் எக்ஸ்பிக்கு ஒண்ணு வந்துச்சு, கேபி 4500331. ரெண்டையும் மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக்ல வேற மெஷின்ல இருந்து தேடி எடுத்துப் போட்டு வைங்க. ஆன்டிவைரஸ் என்னதான் புதுசா இருந்தாலும் விண்டோஸ்ல இருக்கிற ஓட்டைய அது அடைக்காது.

டிடிபி_அக்கா:

தம்பி, நானும் ஸ்ரீலிபியில வேலை பாத்தவதான், அதனால ஒண்ணு சொல்றேன், இதை யாரும் சொல்லல. ஆன்டிவைரஸ ஏதாவது பண்ணி அப்டேட் பண்ணீங்கன்னா, அப்டேட் ஆன உடனே ஃபுல் ஸ்கேன் ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க. தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் நம்ம அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் நடுவுல பிடிச்சு மாத்திக் கொடுக்குது, பாஸ்வேர்டு திருடுற ப்ரோக்ராமும் அதே வேலையதான் செய்யும், ஆன்டிவைரஸுக்கு சில நேரம் வித்தியாசம் தெரியாது. டாங்கிள் டிரைவரையும் சந்தேகப்படும். ரெண்டையும் தூக்கி குவாரன்டைன்ல போட்டு முடக்கிடுச்சுன்னா அன்னைக்கு வேலை நின்னுடும், பத்திரிகை வாங்க வந்தவங்க வாசல்ல உக்காந்திருப்பாங்க. அதனால ஸ்ரீலிபி ஃபோல்டர், பேஜ்மேக்கர் ஃபோல்டர், டாங்கிள் டிரைவர் மூணையும் முதல்லயே ஸ்கேன் பண்ணாம விடுற எக்ஸ்குளூஷன் லிஸ்ட்ல சேருங்க, கண்டுபிடிச்சா தானா அழிக்கிற செட்டிங்க மாத்தி, என்கிட்ட கேளுனு வைங்க.

அடுத்தது கஸ்டமர் பென் டிரைவ். அது கம்போசிங் மெஷின்ல மாட்டவே கூடாது. யார் வந்தாலும், எவ்ளோ அவசரம்னாலும். முன்னாடி டேபிள்ல இன்னொரு மெஷின் வைங்க, வாசல்ல செருப்பக் கழட்டிட்டு வீட்டுக்குள்ள வர்ற மாதிரி எல்லா பென் டிரைவும் மொதல்ல அங்கதான் நிக்கணும். வாட்ஸ்அப்ல வர்ற போட்டோ, மெயில் எல்லாம் அதுலயே பாத்துக்கலாம். உள்ள போறது போட்டோவும் டைப் பண்ண மேட்டரும் மட்டும்தான். வேர்டு ஃபைலா வந்தா அப்படியே தள்ளாதீங்க, மேக்ரோ வைரஸ் அதுலதான் ஒளிஞ்சிருக்கும், திறந்து மேட்டர மட்டும் காப்பி பண்ணி நோட்பேட்ல போட்டுக் கொண்டு போங்க.

பத்திரிகை_பிரஸ்:

ரொம்ப நன்றி அக்கா, ரொம்ப நன்றி எல்லாருக்கும். பேட்டரி மாத்தியாச்சு, தேதி நிக்கிது. அப்டேட் இன்னும் ஆகல, சர்வர்_ரூம் அண்ணா சொன்ன மாதிரி அது கனெக்ஷன்லயே நிக்கிதுனு நினைக்கிறேன், ஆஃப்லைன் ஃபைல் தேடிக்கிட்டு இருக்கேன். வீட்ல என் தங்கச்சி காலேஜுக்கு வாங்கின பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு, 2 ஜிபி ரேம், அதை முன்னாடி டேபிளுக்கு வைக்கலாமா? அதுல இருக்கிறது விண்டோஸ் 7.

சர்வர்_ரூம்:

லேப்டாப் தாராளமா போதும், ஆனா விண்டோஸ் 7 வேணாம். அதுக்கும் 2020 ஜனவரி 14 தோட ஆதரவு முடிஞ்சது, அதுல குரோம் பிரவுசரும் 109 தோட நின்னுடுச்சு, கொஞ்ச நாள்ல இதே பிரச்சனையோட இங்க இன்னொரு கேள்வி போடுவீங்க. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க, 2 ஜிபிக்கு லைட்டா இருக்கிற ஒண்ணு, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வச்ச டெபியன் மாதிரி. ப்ராசஸர் 64 பிட்டானு மட்டும் பாத்துக்கோங்க, 2025ல வந்த டெபியன் 13ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் இல்ல. பென் டிரைவ்ல இருக்கிற விண்டோஸ் வைரஸ் லினக்ஸ்ல சும்மா ஒரு ஃபைலா கிடக்கும், ஓடாது. ஒளிஞ்சிருக்கிற ஃபோல்டரும் அதுல அப்படியே கண்ணுக்குத் தெரியும், அதுவே உங்களுக்குப் பாதி வேலைய குறைக்கும். கிளாம்ஏவி போட்டு ஒரு தடவ ஸ்கேன் பண்ணிட்டு, ஜேபெக், டிஃப், டெக்ஸ்ட் மட்டும் எடுத்து உங்க சொந்த பென் டிரைவ்ல போடுங்க. அந்தப் பென் டிரைவ யாருக்கும் கொடுக்காதீங்க, வேற கலர்ல வாங்கிடுங்க.

எக்ஸ்பி மெஷின்ல ஆட்டோரன் நிறுத்துறதையும் பண்ணிடுங்க. எக்ஸ்பி ப்ரோன்னா ரன்ல ஜிபிஎடிட்.எம்எஸ்சி அடிச்சு, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம்னு போனா டர்ன் ஆஃப் ஆட்டோபிளேனு இருக்கும், எனேபிள் பண்ணி ஆல் டிரைவ்ஸ் வைங்க. ஹோம் எடிஷன்ல அது கிடையாது, அப்படின்னா சொல்லுங்க, ரெஜிஸ்ட்ரில பண்றது எப்படினு எழுதறேன்.

கரூர்_சர்வீஸ்:

எல்லாம் சரி, ஆனா தம்பி, வைரஸ விட எனக்கு அந்த ஹார்ட் டிஸ்க்தான் கவலை. அந்தக் காலத்து 80 ஜிபி, இத்தன வருஷம் சுத்தியிருக்கு, வைரஸ் வந்தா கூட க்ளீன் பண்ணலாம், டிஸ்க் போச்சுன்னா ஒண்ணும் இல்ல. இந்த வாரமே டிஸ்க்க அப்படியே காப்பி எடுக்கிற க்ளோன்சில்லா சிடில பூட் பண்ணி முழு டிஸ்க்கையும் இமேஜா எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்து வைங்க. எடுக்குறதுக்கு முன்னாடி மெஷின் சுத்தமா இருக்கணும், ஆன்டிவைரஸ் கம்பெனிங்க கொடுக்கிற ரெஸ்க்யூ டிஸ்க் ஒண்ண வேற மெஷின்ல தயார் பண்ணி அதுல இருந்து பூட் பண்ணி ஸ்கேன் பண்ணிடுங்க, அதுல இன்ஜினும் புதுசு, டெஃபினிஷனும் புதுசு, எக்ஸ்பி ஓடாதப்பவே வெளிய இருந்து பாக்கும். 1 ஜிபி ரேம்ல புது ரெஸ்க்யூ டிஸ்க் திணறும், முடியலன்னா ஹார்ட் டிஸ்க்க கழட்டி யுஎஸ்பி கன்வர்ட்டர்ல அந்த லினக்ஸ் லேப்டாப்ல மாட்டி ஸ்கேன் பண்ணுங்க. அதுல அழிக்கச் சொல்லாதீங்க, லிஸ்ட் மட்டும் எடுத்து இங்க போடுங்க, எது நிஜ வைரஸ், எது ஸ்ரீலிபி ஃபைல்னு அக்காவும் நானும் பாத்துச் சொல்றோம்.

டாங்கிள அடிக்கடி கழட்டி மாட்டாதீங்க. யுஎஸ்பி டு பிரிண்டர் போர்ட் கன்வர்ட்டர்ல ஓடும்னு கடையில சொன்னா நம்பி வாங்காதீங்க, அதுல பெரும்பாலானது பிரிண்டருக்கு மட்டும்தான் ஆகும், டாங்கிள் தெரியாது. ஸ்ரீலிபி சிடி கையில இருந்தா அதையும் இமேஜா மாத்தி அதே எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போடுங்க, ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் தனியா ஒரு காப்பி. டிஸ்க்கோட கனெக்டர் ஐடிஇயா சாட்டாவானு பாத்து சொல்லுங்க, அதுக்கு ஏத்த கன்வர்ட்டர் எதுனு சொல்றேன்.