2,4,6-ட்ரைபுரோமோ அனிலினில் அமினோ தொகுதி நீங்கியதா? உருகுநிலையால் முடிவு செய்ய இயலவில்லை

கேள்வி:
வணக்கம். முதுநிலை வேதியியல் செய்முறைக்காக 2,4,6-ட்ரைபுரோமோ அனிலினை டையசோ உப்பாக்கி (அமினோ தொகுதியை இரு நைட்ரஜன் அணுக்கள் கொண்ட தொகுதியாக மாற்றி), அதிலிருந்து 1,3,5-ட்ரைபுரோமோ பென்சீன் தயாரிக்க முயன்றேன். அனிலினுக்குச் செய்வது போலவே, அமீனை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 5 டிகிரிக்குக் கீழே குளிர்வித்து, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தபின், எத்தனால் ஊற்றிச் சூடாக்கினேன். நைட்ரைட் சேர்க்கும்போது பழுப்புப் புகை வந்தது. வெண்ணிறத் திண்மமோ பஞ்சு போல மிதந்துகொண்டே இருந்தது. வடிகட்டி உலர்த்திய பொருள் 119–121 டிகிரியில் உருகுகிறது. விளைபொருளின் உருகுநிலையும் 120-ஐ ஒட்டியதுதான். எஞ்சிய அமீனைக் காட்டும் பீட்டா-நாஃப்தால் சோதனையில் ஆரஞ்சு நிறமும் தோன்றவில்லை. வினை நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

மறுமொழி:
கொள்ள இயலாது. தொடக்கப் பொருளின் உருகுநிலையும் ஏறத்தாழ அதே 120–122 டிகிரிதான் என்பதால், இந்தத் தயாரிப்பில் உருகுநிலை மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. உங்கள் பொருளையும் தொடக்க அமீனையும் சம அளவில் அரைத்துக் கலப்பு உருகுநிலை பாருங்கள். இரண்டும் வெவ்வேறு சேர்மங்களானால் கலவை முன்னதாகவே நெகிழ்ந்து, அகன்ற இடைவெளியில் உருகும். பீட்டா-நாஃப்தால் சோதனையைத் தூய தொடக்க அமீனைக் கொண்டும் செய்து பார்த்தால், அதுவும் நிறம் தராதிருக்க வாய்ப்பு மிகுதி. மூன்று புரோமின் அணுக்களும் எலக்ட்ரான்களைத் தம்பால் இழுப்பதால் இந்த அமீனின் காரத்தன்மை மிகவும் குறைந்துவிடுகிறது. அது நீர்த்த அமிலத்தில் உப்பாகிக் கரைவதில்லை, ஆகவே டையசோ ஆவதுமில்லை. நீங்கள் கண்ட பழுப்புப் புகை, வினைபுரிய அமீன் கிடைக்காத நைட்ரஸ் அமிலம் சிதைந்ததன் அடையாளமே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. கலப்பு உருகுநிலை சிறிதும் இறங்கவில்லை. அகச்சிவப்பு நிறமாலையில் 3300-க்கும் 3500 செ.மீ⁻¹-க்கும் இடையே அமினோ தொகுதிக்குரிய இரட்டை முகடுகளும் அப்படியே உள்ளன. இந்தப் பொருளையே மீண்டும் பயன்படுத்தலாமா? எத்தனாலில் சூடாகவே நைட்ரைட் சேர்க்கும் முறை ஒன்றையும் பார்த்தேன். 5 டிகிரி விதி அங்கே ஏன் பொருந்துவதில்லை?

மறுமொழி:
பொருள் மாறாத அமீன்தான். நீரில் நன்கு கழுவி உலர்த்தி அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டையசோ உப்பைச் சற்று நேரம் சிதையாமல் காத்து, பிறகு (பீட்டா-நாஃப்தால் போன்றவற்றுடன் சேர்ந்து சாயம் தரும்) இணைப்பு வினைக்குப் பயன்படுத்துவதற்காகவே நாம் குளிர்விக்கிறோம். இங்கே உப்பு உருவான கணமே சிதைய வேண்டும்: நைட்ரஜன் வெளியேற, எத்தனால் தன் ஹைட்ரஜனை வளையத்துக்குக் கொடுத்துத் தான் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. 10 கிராம் அமீனை 60 மி.லி. எத்தனாலும் 15 மி.லி. டொலுயீனும் சேர்ந்த கலவையில் சூடாக்கிக் கரையுங்கள். (பழைய செய்முறைகள் பென்சீனைச் சொல்லும், அது புற்றுநோய்க் காரணி என்பதால் வேண்டாம்.) சுமார் 3 மி.லி. அடர் கந்தக அமிலத்தைக் குலுக்கியபடி மெல்லச் சேர்த்து, தெளிந்த கரைசல் கொதித்ததும் வெப்பத்திலிருந்து அகற்றி, பொடித்த சோடியம் நைட்ரைட் 3.5 கிராமை இரண்டு பங்காகப் போடுங்கள். முதல் பங்கின் கொந்தளிப்பு அடங்கும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும், ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் ரிஃப்ளக்ஸ் கண்டென்சரை உடனே மாட்டிவிடுங்கள். அதன்பின் வாயு வெளிவருவது நிற்கும்வரை நீர்த்தொட்டியில் சூடாக்க வேண்டும். இவை அனைத்தும் புகைக்கூண்டுக்குள், பர்னர் இன்றி, ஹாட் பிளேட்டில் நடக்கட்டும். எத்தனால், டொலுயீன், அசிட்டால்டிஹைடு மூன்றுமே எளிதில் தீப்பற்றுபவை. டையசோ உப்பைத் தனியே பிரித்து உலர்த்த முயல வேண்டாம்; உலர்ந்த நிலையில் அது வெடிக்கக்கூடும்.

பனிக்கட்டியில் குளிர்வித்தால் விளைபொருளோடு சோடியம் சல்பேட்டும் சேர்ந்து படியும். வடிகட்டியதும் எடை போட்டு மகிழ்ந்துவிடாமல், உப்பு போகும்வரை நீரில் கழுவி, பழுப்பு நிறம் நீங்கச் சூடான அசிட்டிக் அமிலமும் சிறிது நீரும் கலந்த கரைப்பானில் மறுபடிகமாக்குங்கள். 100 விழுக்காடு விளைச்சலே 9.5 கிராம்தான், அதற்கு மேல் கிடைத்தால் உப்போ ஈரமோ எஞ்சியிருக்கிறது. பின்னர் மீண்டும் தொடக்க அமீனுடன் கலப்பு உருகுநிலை பாருங்கள். இம்முறை அது இறங்கியே ஆக வேண்டும்.