பாரிசில் செல்லும் நடுவர் தீர்ப்பு லண்டனில் ஏன் செல்லவில்லை?

கேள்வி:
கபாப்-ஜி என்ற லெபனான் உணவு நிறுவனத்தின் வழக்கில் நடுவர் மன்றம் தந்த ஒரே தீர்ப்பை 2021-இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் அமலாக்க மறுத்தது, 2022-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை அமலாக்குவதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்தும் ஏன் இப்படி? ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்தை (தகராறு நடுவரிடம் போகும் என்ற விதியை) எழுதும்போதே தடுக்க வழி உண்டா?

பதில் 1:
முதலில் ஒன்று: உடன்படிக்கை வேலை செய்தது லண்டனில் மட்டும்தான். நடுவர் மன்றத்தின் இருக்கை, அதாவது சட்டப்படி அது அமைந்த இடம், பாரிஸ் என்பதால் பிரான்சில் நடந்தது ரத்து மனு; அதை உள்நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும்.

சிக்கல், எதிர்த்தரப்பு நிறுவனத்தின், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத தாய் நிறுவனத்தைப் பற்றியது. அது நடுவர் ஷரத்துக்குக் கட்டுப்பட்டதா என்பதை எந்தச் சட்டப்படி பார்ப்பது? உடன்படிக்கையின் 5(1)(அ) பிரிவு, தரப்பினர் தேர்ந்த சட்டம், இல்லையென்றால் தீர்ப்பு தரப்பட்ட நாட்டின் சட்டம் என்கிறது. ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் என்று எழுதியிருந்ததால், ஷரத்துக்கும் அதுவே என்றது லண்டன். அந்தச் சட்டப்படி தாய் நிறுவனம் தரப்பே அல்ல. பிரான்சிலோ ஷரத்து ஒப்பந்தத்திலிருந்து தனித்து நிற்பது. ஒப்பந்தத்துக்குச் சட்டம் தேர்ந்தது மட்டும் ஷரத்துக்குப் போதாது. தரப்பினரின் பொது எண்ணத்தைத்தான் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடாத பாகிஸ்தான் அரசு பற்றிய டல்லா வழக்கிலும் (லண்டன் 2010, பாரிஸ் 2011) முடிவுகள் இப்படியே பிரிந்தன; ஆனால் அங்கே லண்டனும் பிரெஞ்சுச் சட்டத்தையே பார்த்தது.

பதில் 2:
எந்தச் சட்டம் என்ற பிளவைத் தடுக்க ஒரு வரி உதவும்: “இந்த நடுவர் ஷரத்துக்கு மட்டும் பொருந்தும் சட்டம் இன்ன நாட்டுச் சட்டம்.” இருக்கையின் நாட்டுச் சட்டத்தையே போடுங்கள், அப்போது ரத்து மனுவும் அமலாக்கமும் ஒரே அளவுகோலில் நிற்கும். இருக்கையை நகரத்தின் பெயரோடு எழுதுங்கள். விசாரணை நடக்கும் இடம் வேறு, இருக்கை வேறு. இரண்டையும் குழப்பிய ஷரத்துகள் ஏராளம்.

பணம் தாய் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்றால், அதுவும் கட்டுப்பட்டது என்று பின்னால் வாதிடலாம் என நம்பாதீர்கள். அதையும் கையெழுத்திட வையுங்கள், அல்லது அதே நடுவர் ஷரத்து உள்ள உத்தரவாதப் பத்திரம் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாமா?

பதில் 2:
சேர்க்கலாம். திருத்தத்துக்கு என்ன முறை என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அதன்படி எழுத்தில், எல்லாத் தரப்பின் கையெழுத்தோடு. தகராறு வந்தபின் எதிர்த்தரப்பு சம்மதிக்காது.

பதில் 3:
ஒரு கூடுதல் செய்தி. இங்கிலாந்தின் 2025 நடுவர் சட்டத்தின்படி, ஷரத்துக்கென்றே வெளிப்படையாகத் தேர்ந்தாலொழிய இருக்கையின் சட்டமே பொருந்தும்; ஒப்பந்தத்துக்கான பொதுத் தேர்வு கணக்கில் வராது. பழைய ஷரத்தானாலும், நடுவர் நடவடிக்கை 2025 ஆகஸ்ட் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கியிருந்தால் இந்த விதிதான். முன்பே தொடங்கியவற்றுக்குப் பழைய வழிதான்.