உணவுச் சோதனைக்கான செலவு வீண் செலவா? ஒரே வாசகனின் இரண்டு கோபங்கள்

தெருவிளக்கு (கேள்வி):

வணக்கம். சில வாரங்களாக என்னை உறுத்திவரும் ஒரு முரண்பாட்டை இங்கே வைக்கிறேன். உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று செய்தி வந்தால், "அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். நிதிநிலை அறிக்கை வெளியாகும் நாளில், "இத்தனை துறைகளும் இத்தனை பணியிடங்களும் எதற்கு, வரிப்பணம் இப்படியா கரைவது?" என்று கேட்பவர்களிலும் நான் இருக்கிறேன். இரண்டும் நேர்மையாகவே எனக்குத் தோன்றும் கருத்துகள்தாம். ஆனால் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் நாள் எதைக் கூட்டச் சொன்னேனோ அதையே மறுநாள் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாசுபட்ட உணவால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. ஆகவே இது அற்பமான செலவினம் என்று நான் சொல்ல வரவில்லை. பாலம் கட்டினால் பாலம் கண்ணுக்குத் தெரிகிறது. ஓர் ஆய்வாளரின் ஊதியத்தால் நோயில் விழாமல் தப்பியவர் யார் என்று அவருக்கே தெரியாது. இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பயனுக்காகச் செய்யப்படும் பொதுச் செலவை, சிக்கனத்தில் நம்பிக்கை உள்ள ஒருவர் எந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும்?

பழைய தணிக்கையாளர்:

நண்பருக்கு வணக்கம். கணக்குப் புத்தகங்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறேன். அது உணவு அல்ல, குடிநீர். ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 5,000க்கும் குறைவு. 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச்சாணத்திலிருந்த கிருமிகள் ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கின. போதிய குளோரின் கலக்கப்படாமல் அந்த நீர் குழாய்களில் ஓடியது. ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1996இல், உள்ளாட்சிகளுக்காக நீரைச் சோதித்துவந்த அரசுப் பரிசோதனைக் கூடங்களின் சேவையை மாகாண அரசு நிறுத்தி, அந்த வேலையைத் தனியாரிடம் விட்டிருந்தது. அதைக்கூடத் தவறென்று சொல்லிவிட முடியாது. கிருமி கண்டறியப்பட்டால் சுகாதாரத் துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தனியார் கூடங்களுக்கு விதிக்காமல் விட்டதுதான் தவறு. மாதிரிகள் கெட்டிருக்கின்றன என்ற முடிவு குடிநீர் நிர்வாகத்துக்கு மட்டும் போனது. நிர்வாகம் அதை மறைத்தது. ஊர் தொடர்ந்து அந்த நீரையே குடித்தது.

பின்னர் நீதிபதி டென்னிஸ் ஓகானர் நடத்திய விசாரணை, செலவுக் குறைப்பும் காரணங்களில் ஒன்று என்று வெளிப்படையாகவே பதிவு செய்தது. 1996இல் மிச்சமான தொகை ஒரு தலைப்பின் கீழ் எழுதப்பட்டது. 2000இல் ஆன மருத்துவச் செலவும் இழப்பீடும் வேறு தலைப்புகளின் கீழ், வேறு துறைகளில், வேறு ஆண்டில் எழுதப்பட்டன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் வழக்கம் எந்த அரசிடமும் இல்லை. உங்கள் இரண்டு கோபங்களும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நுண்ணோக்கி:

தணிக்கையாளர் ஐயா சொன்னதில் பிழையில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். அதே விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி சிக்கனம் பேசுவோருக்குச் சாதகமானது. அந்தக் குடிநீர் அமைப்பை 1991, 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் அரசு ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். கிணற்றின் ஆபத்து அவர்கள் கண்ணில் படவில்லை. குளோரின் அளவுக்கான அன்றாடப் பதிவேட்டில் நாள் தவறாமல் 0.5 அல்லது 0.75 என்றே எழுதப்பட்டிருந்தது. இயற்கையில் எந்த அளவும் அவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை. அது உட்கார்ந்த இடத்தில் நிரப்பிய பதிவேடு. மூன்று ஆய்வுகள் போதாமல் முப்பது ஆய்வுகள் நடந்திருந்தாலும், பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்திட்டுப் போகிறவர்களால் என்ன பயன்? செலவு கூடியிருக்கும், கிணறு அப்படியே இருந்திருக்கும்.

2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலக்கப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசு அறிவித்தது. சோதனையே நடக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. பாலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அதிலுள்ள நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவது 1883இல் கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் வகுத்த முறையில் தொடங்கிய வழக்கம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். மெலமைனின் எடையிலோ ஏறத்தாழ 66 சதவீதம். தண்ணீர் ஊற்றி நீர்த்துப்போன பாலில் அதைச் சிறிதளவு சேர்த்துவிட்டால், சோதனை "புரதம் போதுமான அளவு இருக்கிறது" என்று சொல்லிவிடும். கலப்படம் செய்தவர்கள் சோதனைக்குப் பயந்து ஒளியவில்லை. அந்தச் சோதனையில் தேறுவதற்காகவே கலப்படம் செய்தார்கள். அங்கே மாதிரிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியிருந்தால் தேர்ச்சிச் சான்றிதழ்கள்தாம் இரட்டிப்பாகியிருக்கும்.

ஆகவே, "எத்தனை பணியிடங்கள், எவ்வளவு ஒதுக்கீடு" என்ற கணக்கை வைத்துக்கொண்டு இரு தரப்பும் சண்டையிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எதைத் தேடுகிறார்கள், கிடைத்தால் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைக் கேட்காமல் கூட்டினாலும் குறைத்தாலும் குருட்டடிதான்.

கடைசிப் பக்க வாசகர்:

சுருக்கமாக ஒன்று மட்டும். அவசரத்தில் உருவாகும் பொதுக்கருத்துக்கும் விலை உண்டு, அதையும் வரிப்பணத்திலிருந்துதான் கொடுக்கிறோம். 2011 மே மாதம் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் கிருமியின் ஒரு கொடிய வகை பரவியபோது, ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். அந்த வெள்ளரியில் இருந்தது வேறு வகைக் கிருமி என்று சில நாள்களில் தெரிந்தது; அதற்குள் விற்பனை சரிந்துவிட்டது, ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. உண்மையான காரணம் முளைகட்டிய வெந்தயம். உணவின் மேல் அலங்காரமாகத் தூவப்பட்ட முளைகளைத் தின்றது நோயாளிகள் பலருக்கு நினைவில்லை. உணவகங்களின் ரசீதுகளையும் சமையற்கூடக் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் புலனாய்வாளர்கள் அதை நெருங்கினார்கள். 50 பேருக்கு மேல் இறந்த அந்த நோய்ப்பரவலின் மூலத்தைப் பிடித்தது பொறுமையான கள ஆய்வு. நிதியைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த வேலைதான், ஏனென்றால் நோய் பரவாத காலத்தில் இவர்கள் சும்மா இருப்பது போலத் தெரியும்.

தெருவிளக்கு:

மூவருக்கும் நன்றி. எண்ணிக்கையைப் பற்றிய என் கேள்வியே கோணலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நுண்ணோக்கி சொன்ன இரண்டு கேள்விகளையும் நிதிநிலை அறிக்கை வரும் நாளிலும் கேட்கப் பழக வேண்டும். ஆனால் ஒன்றில் இன்னும் தெளிவில்லை. சோதனைக்கான செலவை உற்பத்தியாளர்களிடமே கட்டணமாக வாங்கிவிட்டால் என்ன? பொதுப்பணமும் மிச்சமாகும், சோதனையும் நடக்கும் அல்லவா?

பழைய தணிக்கையாளர்:

கட்டணமாக வாங்கலாம், அரசு வாங்கி, அரசு ஆய்வாளரை அனுப்பும் வரை எனக்கு மறுப்பில்லை. உற்பத்தியாளரே ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்துக் கூலியும் கொடுக்கும் ஏற்பாட்டைத்தான் நான் ஏற்கமாட்டேன். 2008-09இல் அமெரிக்காவில் நிலக்கடலைப் பொருள்கள் வழியாகச் சால்மோனெல்லா என்ற கிருமி பரவி 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். அந்தப் பொருள்கள் வெளிவந்த ஆலையை 2008இலேயே ஒரு தனியார் தணிக்கையாளர் பார்வையிட்டிருந்தார். தணிக்கைக்குப் பணம் கொடுத்தது அந்த நிறுவனமே. ஆலைக்குக் கிடைத்த மதிப்பீடு "மிகச் சிறப்பு".