மறு: படகில் ஸ்பீக்கர் பொருத்தும் கையேடு – ‘காம்பஸ் சேஃப் டிஸ்டன்ஸ்’ தமிழில்?

வணக்கம். ஸ்பீக்கரின் காந்தத்தால் திசைகாட்டி தவறான திசை காட்டாமலிருக்க, இரண்டுக்கும் நடுவே குறைந்தது எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதே ‘காம்பஸ் சேஃப் டிஸ்டன்ஸ்’. நம் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘திசைகாட்டிப் பாதுகாப்புத் தூரம்’ என்றே வைத்துவிடலாமே? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது, சரி. ஆனால் கடலில் ‘பாதுகாப்புத் தூரம்’ என்றால், அடுத்த படகிலிருந்து எவ்வளவு தள்ளிப் போவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்தது வேறு. ஸ்பீக்கரின் முதுகில் இருப்பது நிலைக்காந்தம். பாட்டை நிறுத்தினாலும், ஸ்டீரியோவின் ஃபியூஸையே பிடுங்கினாலும் அதன் காந்தப்புலம் அப்படியே இருக்கும். மரப்பலகையோ ஃபைபர் சுவரோ அதை மறைக்காது. சுக்கான் பிடிப்பவர் காதில் விழட்டும் என்று தடுப்புச் சுவரில் ஸ்பீக்கரைப் பதித்து, அதே சுவரில் சாண் தூரத்தில் திசைகாட்டியும் இருந்தால் பாகைக் கணக்கு தப்பிவிடும். திசைகாட்டி பழுதாகவில்லை, அது காட்டும் திசைதான் பிறழ்கிறது. சொல்லுக்குள் வர வேண்டியது இந்தப் பிறழ்வுதான்.

> ‘காந்த விலக்குத் தூரம்’?

சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்ற பள்ளிப் பாடம்தான் உடனே ஞாபகம் வரும். தவிர, படகிலுள்ள இரும்பாலும் மின்கருவிகளாலும் திசைகாட்டியில் வரும் பிழையை முந்தைய அத்தியாயத்தில் ‘விலகல்’ என்று எழுதிவிட்டோம். விலகலும் விலக்கும் ஒரே பக்கத்தில் வந்தால் படகோட்டி குழம்பிப்போவார். ‘காந்தக் காப்பு’ என்று இன்னொருவர் சொன்னது, காந்தத்துக்கு உறை போட்டு மறைப்பதற்குத்தான் பொருந்தும்.

என் பரிந்துரை: திசைபிறழாத் தொலைவு.

வாடாமலர், அணையாவிளக்கு போல ‘பிறழா’ என்பது தமிழில் இயல்பாக வரும் வடிவம். படித்ததுமே பொருள் விளங்கும். ‘முள்பிறழா’ என்றும் யோசித்தேன். ஆனால் படகுத் திசைகாட்டிகளில் பெரும்பாலும் திரவத்தில் மிதக்கும் தட்டுதான் சுழல்கிறது, முள் இல்லை. தானியங்கிச் சுக்கானுக்குத் திசை சொல்லும் ஃபிளக்ஸ்கேட் உணரியில் (பூமியின் காந்தப்புலத்தை மின்முறையில் அளக்கும் கருவி) முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. அது எங்கோ ஓர் அலமாரிக்குள் இருக்கும். ஸ்பீக்கர் பொருத்துகிறவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான், அதனால் நம் சொல் அதையும் தழுவியே ஆக வேண்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

‘இந்த ஸ்பீக்கரின் திசைபிறழாத் தொலைவு 1 மீட்டர்.’

‘துளை போடும் முன் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து, திசைகாட்டியை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். தட்டு அசையத் தொடங்கினால் திசைபிறழாத் தொலைவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டீர்கள்.’

இரண்டும் இடறாமல் வாசிக்கின்றன. ‘குறைந்தபட்ச’ என்ற ஒட்டு வேண்டாம், சொல்லே எல்லையைத்தானே குறிக்கிறது. இன்னொன்றையும் கையேட்டில் சேர்க்கலாம்: தொலைவு இரட்டித்தால் காந்தப்புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். கொஞ்சம் தள்ளி வைத்தாலே நல்ல பலன் கிடைக்கும் என்பதை இந்தக் கணக்கு சட்டென்று புரியவைக்கும்.

அப்புறம், ஸ்பீக்கர்–ஆம்ப்ளிஃபயர் குழப்பம்: இரண்டுக்கும் ஒரே சொல் வந்துவிடக் கூடாது. ‘ஒலிபெருக்கி’ ஸ்பீக்கருக்கு நிலைத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு ‘மிகைப்பி’ போதும். அதை நீட்ட வேண்டாம்.

திசைகாட்டிப் பக்கமாகப் போகும் 12 வோல்ட் மின்கம்பிகளுக்கும் ஒரு சொல் வேண்டும். நேர்க்கம்பியையும் எதிர்க்கம்பியையும் ஒன்றாக முறுக்கிக் கொண்டுபோனால் அவற்றின் காந்தப்புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ‘முறுக்கிணை’ என்று போடலாமா? மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.