பிஎஃப்சென்ஸில் ஃபயர்வால் ரூல் சில நாள் லோட் ஆகிறது, சில நாள் 'கேனாட் அலோகேட் மெமரி' என்று நின்றுவிடுகிறது

மாங்கூழ்_நெட், காவேரிப்பட்டணம்

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர், கேமரா, நெட் மூன்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 4 ஜிபி ரேம் உள்ள ஒரு மினி பிசியில் பிஎஃப்சென்ஸ் (ரவுட்டர், ஃபயர்வால் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்) ஓடுகிறது. வெளியே இரண்டு ஃபைபர் லைன், ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். கூடவே அதில் பிஎஃப்பிளாக்கர் என்ற தடுப்பு பேக்கேஜ் போட்டு, தொல்லை தரும் ஐபி லிஸ்ட்டுகள் சிலவும் சில நாடுகளின் லிஸ்ட்டும் தடுத்து வைத்திருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். மேலே இருக்கும் பெல் ஐகானில் அவ்வப்போது சிவப்பில் ஒரு அறிவிப்பு வருகிறது. ரூல்களை லோட் செய்வதில் பிழை, ரூல்ஸ்.டீபக் ஃபைலில் இத்தனாவது வரி, இந்த டேபிளை (ஐபி முகவரிப் பட்டியல்) உருவாக்க முடியவில்லை, கேனாட் அலோகேட் மெமரி என்று. டேபிளின் பெயர் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இல்லை, ஆனால் எப்போதும் பிஎஃப்பிளாக்கர் லிஸ்ட்டுகளில் ஏதோ ஒன்று. அந்த லிஸ்ட்டை எடுத்துவிட்டால் சில நாள் சும்மா இருக்கிறது, பிறகு வேறு பெயரில் அதே பிழை. ரீபூட் செய்தால் உடனே சரியாகிவிடுகிறது. டேஷ்போர்டில் பார்த்தால் ரேம் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கிறது.

இதைச் சும்மா விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து கேமரா டிவிஆரைப் பார்ப்பதற்காக முன்பு யாரோ ஒரு போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) போட்டிருந்தார்கள். அதை நீக்கி அப்ளை கொடுத்தேன், ஸ்கிரீனில் அந்த ரூல் இல்லை. ஆனால் மறுநாள் முதலாளி ஊரிலிருந்து மொபைலில் கேமரா தெரிகிறது என்கிறார். அதாவது மூடிய கதவு மூடவில்லை. பெங்களூரா மாங்காய் லோடு வந்து குவிகிற நேரம் இது, எடை மேடை கம்ப்யூட்டரும் இ-வே பில்லும் நெட் இல்லாமல் நகராது, அதனால் நினைத்தபோதெல்லாம் ரீபூட் செய்யவும் வழியில்லை. சாயங்காலம் காற்று மழை வரும் நாட்களில் பிழை அதிகம் வருவது போலத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பர்கூர்_சிஸ்டம்ஸ்

மெமரி என்று சொல்வதால் முதலில் ரேமை மாற்றிப் பார்க்கலாமே ப்ரோ. 8 ஜிபி ஸ்டிக் ஒன்று போட்டு, மெம்டெஸ்ட் ஓடவிட்டு, பிறகு பாருங்கள். பழைய மினி பிசிகளில் வெயில் காலத்தில் ரேம் தகராறு செய்வது உண்டு.

தகடூர்_ரூட், தர்மபுரி

ரேம் வாங்காதீர்கள் தம்பி, காசுக்குக் கேடு. ரேம் கெட்டிருந்தால் மொத்தப் பெட்டியே தொங்கும், ரூல் லோட் மட்டும் தனியாகப் பிழை காட்டாது. இந்த அறிவிப்பில் வரும் 'மெமரி' பெட்டியில் இருக்கும் ரேம் இல்லை. எல்லா டேபிள்களுக்கும் சேர்த்து மொத்தம் இத்தனை முகவரிதான் இருக்கலாம் என்று பிஎஃப்சென்ஸ் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தொட்டதும் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) கையை விரிக்கிறது, வெளியே வரும் வாசகம் மட்டும் மெமரி இல்லை என்று வருகிறது. எங்கள் கல்லூரி லேபிலும் இதே அறிவிப்பு வந்திருக்கிறது, அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் பிஎஃப் இன்ஃபோ திறந்து டேபிள் என்ட்ரீஸ் என்ற வரியைப் பாருங்கள், அதுதான் உங்கள் வரம்பு. அனேகமாக 4,00,000 இருக்கும், பழைய கான்ஃபிக்கைக் கொண்டுவந்து ரீஸ்டோர் செய்திருந்தால் 2,00,000 கூட இருக்கலாம். பிறகு அதே மெனுவில் டேபிள்ஸ் திறந்து ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை முகவரி என்று குறித்துக் கூட்டுங்கள். அதில் போகான்ஸ் வி6 என்று ஒன்று இருக்கும். நீங்கள் அதைப் போட்டிருக்க மாட்டீர்கள், வேன் (வெளி லைன்) இன்டர்ஃபேஸில் 'பிளாக் போகான் நெட்வொர்க்ஸ்' டிக் செய்திருந்து ஐபிவி6-ம் அனுமதித்திருந்தால் தானாக வந்துவிடும். இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாத ஐபிவி6 முகவரிப் பகுதிகளின் பட்டியல் அது. அது ஒன்றே ஒரு லட்சத்துக்கு மேல்.

இப்போது ஏன் சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்ற கேள்வி. ரூல்களை மறுபடி லோட் செய்யும்போது பழைய டேபிள்களை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுவதில்லை. புதியது முழுவதும் ஏறி முடிகிற வரை பழையதும் உள்ளே இருக்கும், அப்புறம்தான் மாற்றிக்கொள்ளும். உங்கள் யார்டில் பழைய க்ரேட்டுகளை நகர்த்தாமல் அடுத்த லோடை இறக்குவது போல, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு மடங்கு இடம் வேண்டும். ஆக வரம்பு 4,00,000 என்றால் நடைமுறையில் உங்கள் மொத்த முகவரிகள் 2,00,000-ஐத் தாண்டக் கூடாது. பிஎஃப்பிளாக்கர் லிஸ்ட்டுகள் ஒவ்வொரு அப்டேட்டிலும் கூடும், குறையும். மொத்தம் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் நாளில் எல்லாம் நன்றாக ஓடும், சற்று மேலே போன நாளில் ரீலோட் விழும். ரீபூட் செய்தால் சரியாவதும் இதனால்தான். அப்போது கெர்னலில் பழையது எதுவும் இல்லை, ஒரு மடங்கு இடமே போதும்.

பெயர் மாறி மாறி வருவதற்கும் இதே காரணம். டேபிள்கள் வரிசையாக ஏறும்போது எந்த இடத்தில் வரம்பு தீர்ந்ததோ அந்த டேபிளின் பெயர்தான் அறிவிப்பில் வரும். இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பது முன்னாலேயே ஏறிவிட்ட போகான்ஸ் வி6, பழி விழுவது பின்னால் வந்த சின்ன லிஸ்ட் மேல். அதனால்தான் நீங்கள் ஒன்றை எடுத்தால் அடுத்தது மாட்டுகிறது. பெயரைப் பார்த்து லிஸ்ட்டை நீக்காதீர்கள்.

வழி: சிஸ்டம், அட்வான்ஸ்டு, ஃபயர்வால் அண்ட் நாட் பக்கத்தில் ஃபயர்வால் மேக்சிமம் டேபிள் என்ட்ரீஸ். அங்கே உங்கள் மொத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், நான் சொன்னால் 8,00,000 போடுங்கள். அந்த எண்ணைப் போட்டதால் மட்டும் ரேம் செலவாகாது, முகவரிகள் உண்மையில் ஏறினால்தான் செலவு. 4 ஜிபி பெட்டிக்கு இது ஒரு சுமையே இல்லை. சேவ் செய்துவிட்டு இரவு லோடு இல்லாத நேரம் பார்த்து ஒரு முறை ரீபூட் கொடுத்துவிடுங்கள்.

கேமரா விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. ரூல் லோட் பாதியில் நின்றால் கெர்னல் பழைய ரூல்களையே தொடர்ந்து வைத்திருக்கும், அந்த வகையில் ஃபயர்வால் திறந்துவிடாது, நல்லதுதான். ஆனால் வெப் ஸ்கிரீனில் நீங்கள் பார்ப்பது கான்ஃபிக் ஃபைலில் இருப்பதை, கெர்னலில் ஓடுவதை இல்லை. எனவே முக்கியமான ரூல் எதையாவது மாற்றினால் ஸ்டேட்டஸ் மெனுவில் ஃபில்டர் ரீலோட் பக்கம் போய்க் கடைசி வரி வரை ஓடி முடிந்ததா என்று பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கமாண்ட் ப்ராம்ப்டில் பிஎஃப்சிடிஎல் என்று அடித்து மைனஸ் எஸ்என் சேர்த்தால் கெர்னலில் உள்ள நாட் ரூல்கள் (போர்ட் ஃபார்வர்ட் இதில்தான்) வரும், மைனஸ் எஸ்ஆர் சேர்த்தால் ஃபில்டர் ரூல்கள். நீக்கிய போர்ட் அங்கேயும் இல்லையென்றால்தான் உண்மையில் நீங்கியது.

மாங்கூழ்_நெட், காவேரிப்பட்டணம்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. வரம்பு 4,00,000. டேபிள்களைக் கூட்டினால் இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது, அதில் பாதிக்கு மேல் போகான்ஸ் வி6. அப்படி ஒரு டேபிள் இருப்பதே இன்றுதான் கண்ணில் பட்டது. மைனஸ் எஸ்என் போட்டுப் பார்த்தால் டிவிஆர் போர்ட் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஸ்கிரீனில் இல்லை.

இன்று இரவு 8,00,000 போட்டு ரீபூட் செய்கிறேன். இரண்டு சந்தேகம். போகான் பிளாக்கையே எடுத்துவிட்டால் என்ன? அப்புறம் பெல் ஐகானில் எப்போதாவது இன்னொரு அறிவிப்பும் வருகிறது, அதில் மெமரி என்று இல்லை, டிவைஸ் பிசி என்று இருக்கிறது. அதுவும் இதே வரம்புப் பிரச்சினையா?

ஓசூர்_ஷிஃப்ட்பி

டிவைஸ் பிசி வேறு கதை நண்பரே. ஒரு ரீலோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ரீலோட் வந்து மோதினால் அப்படி வரும். இரண்டு லைன் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் வரும், ஏனென்றால் ஒரு லைனின் கேட்வே (ஐஎஸ்பி பக்க வாசல்) விழுந்தாலும் எழுந்தாலும் பிஎஃப்சென்ஸ் ரூல்களை மறுபடி லோட் செய்கிறது. லைன் ஆடிக்கொண்டே இருந்தால் ரீலோடும் அடுத்தடுத்து வரும், அதே நேரத்தில் பிஎஃப்பிளாக்கரின் அப்டேட்டும் வந்தால் கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் காற்று மழை என்று சொன்னீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் ரவுட்டர் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும், ஆனால் ஃபைபர்க்காரர் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டி சாதாரண பிளக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே சிப்காட்டில் நான் போய்ப் பார்த்த பல இடங்களில் ரவுட்டரும் ஸ்விட்சும் யுபிஎஸ்ஸில், ஓஎன்டி மட்டும் சுவர் பிளக்கில்தான் இருக்கும். ஓஎன்டி அணைந்து திரும்ப எழுந்து லைன் வர நேரம் எடுக்கும், அதற்குள் கேட்வே விழுந்தது, பிறகு எழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீலோட். கரண்ட் திரும்பி வரும்போது மறுபடி அதே கூத்து. உங்கள் மொத்தம் வரம்பை ஒட்டி நிற்கும்போது ஒவ்வொரு ரீலோடும் பிழை வர ஒரு வாய்ப்பு. மழை நாளில் பிழை கூடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கேட்வே மானிட்டர் ஐபி (லைன் உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்து பார்க்கும் முகவரி) என்னவென்றும் பாருங்கள். காலியாக விட்டிருந்தால் ஐஎஸ்பி-யின் கேட்வேயையே பிங் செய்யும், அது பல நேரம் ஒழுங்காகப் பதில் சொல்லாது. ஒரு லைனுக்கு 8.8.8.8, இன்னொன்றுக்கு 1.1.1.1 என்று வையுங்கள். இரண்டுக்கும் ஒன்றையே வைக்கக் கூடாது, ஏனென்றால் பிஎஃப்சென்ஸ் அந்த ஐபிக்கு அந்த லைன் வழியாகத் தனி ரூட் போடுகிறது. டிஎன்எஸ் சர்வராக அதே ஐபியை வைத்திருந்தால் அதையும் அதே லைனோடு சேர்த்து வையுங்கள். இயல்பான அமைப்பில் 20 சதவீதம் பாக்கெட் இழப்பு வந்தாலே லைன் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் மோசமான லைனாக இருந்தால் அதை 40 வரை ஏற்றலாம். ஸ்டேட்டஸ், சிஸ்டம் லாக்ஸில் கேட்வேஸ் டேப் இருக்கிறது, பிழை வந்த நேரத்தையும் அங்கே உள்ள நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தகடூர்_ரூட், தர்மபுரி

ஓசூர் நண்பர் சொன்னது மிகச் சரி, ஓஎன்டி-யை நான் யோசிக்கவே இல்லை.

போகான் பிளாக்கை எடுப்பது பற்றி: வெளியிலிருந்து வரும் எதையும் வேன் பக்கம் இயல்பாகவே தடுத்துத்தான் வைத்திருக்கும். ஒரு போர்ட்டும் திறக்காதவருக்குப் போகான் லிஸ்ட்டால் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு ரொம்பக் குறைவு, எடுத்தால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் வரம்பைக் கூட்டியாகிவிட்டால் அதை எடுக்கத் தேவையும் இல்லை. நாடுகளின் லிஸ்ட் விஷயத்தில்தான் மாற்றம் செய்ய வேண்டும். உலகத்தையே ஒவ்வொரு நாடாகத் தடுப்பதைவிட, திறந்திருக்கும் ஒரு போர்ட்டுக்கு மட்டும் இந்திய முகவரிகளை அனுமதித்தால் டேபிளும் சின்னது, வேலையும் சுத்தம்.

அதைவிட நல்லது, முதலாளிக்கு மொபைலில் வயர்கார்டு அல்லது ஓபன்விபிஎன் போட்டுக் கொடுத்து விபிஎன் வழியாகவே கேமரா பார்க்கச் சொல்லுங்கள். டிவிஆர் போர்ட்டை நேராக நெட்டில் திறந்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அதன் சாஃப்ட்வேரை யாரும் அப்டேட் செய்வதே இல்லை. இன்னொன்று, ரூலை நீக்கினாலும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இணைப்பு அறுபடாது. டயக்னாஸ்டிக்ஸ், ஸ்டேட்ஸ் பக்கத்தில் டிவிஆர் ஐபியைத் தேடி அந்த ஸ்டேட்டுகளை நீக்குங்கள். சோதிக்கும்போது ஆபீஸ் வைஃபையில் இருந்து சோதிக்காதீர்கள், நாட் ரிஃப்ளெக்ஷன் (உள்ளிருந்தே வெளி ஐபி வழியாகப் பார்க்கும் வசதி) போட்டிருந்தால் தப்பான பதில் வரலாம். மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

பர்கூர்_சிஸ்டம்ஸ்

நல்ல விளக்கம் சார். எங்கள் ஜவுளிக்கடை கஸ்டமர் ஒருவர் பெட்டியிலும் பிஎஃப் இன்ஃபோ பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அங்கே வரம்பு இன்னும் 2,00,000-லேயே நிற்கிறது. பழைய பெட்டியின் கான்ஃபிக்கை அப்படியே ஏற்றியது. இப்போதைக்குப் பிழை இல்லை, லிஸ்ட் எதுவும் போடவில்லை, போகான் டிக்கும் இல்லை. இருந்தாலும் கூட்டிவிடுகிறேன்.

மாங்கூழ்_நெட், காவேரிப்பட்டணம்

8,00,000 போட்டு ரீபூட் ஆகிவிட்டது. பிறகு நானே ஃபில்டர் ரீலோட் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் கடைசி வரை ஓடி முடிந்தது. மைனஸ் எஸ்என்-னில் டிவிஆர் போர்ட் இல்லை, ஸ்டேட்டுகளையும் நீக்கிவிட்டேன், மொபைல் டேட்டாவில் கேமரா திறக்கவில்லை. முதலாளி போன் செய்து கேமரா தெரியவில்லையே என்று கேட்டார், விபிஎன் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஓசூர் நண்பர் சொன்னது போலவே முதல் லைனின் ஓஎன்டி சுவர் பிளக்கில்தான் இருந்தது, யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன். இரண்டாவது லைனின் ஓஎன்டி செக்யூரிட்டி அறையில் இருக்கிறது, அங்கே யுபிஎஸ் இல்லை, 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ரவுட்டர் யுபிஎஸ் ஒன்று வாங்க வேண்டும். அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, 2 ஆம்பியர் யுபிஎஸ் போட்டால் பரவாயில்லையா?

ஓசூர்_ஷிஃப்ட்பி

தாராளமாகப் போடலாம். வோல்ட் சரியாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, ஓஎன்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பின் அளவையும் உள்முனை பிளஸ்ஸா என்பதையும் மட்டும் பார்த்து வாங்குங்கள்.