பத்து இலட்சம் பொருள்களுடன் வரிசைவழிப் பரிந்துரை: நினைவகச் சிக்கலுக்கு வழி கேட்டு

அனைவருக்கும் வணக்கம். ஒரு பயனர் இதுவரை தேர்ந்தெடுத்தவற்றின் வரிசையைக் கொண்டு அடுத்த தேர்வைக் கணிக்கும் மாதிரி ஒன்றை, 2018இல் வெளிவந்த, அட்டென்ஷனை அடிப்படையாகக் கொண்ட சாஸ்ரெக் (SASRec) என்னும் கட்டமைப்பைப் பின்பற்றி உருவாக்கி வருகிறேன். வரிசையின் நீளம் கூடினால் அட்டென்ஷன் கணக்கீடு (வரிசையின் ஓர் இடம் மற்ற இடங்களை எவ்வளவு கவனிக்க வேண்டும் என அளவிடுவது) அதன் வர்க்கத்திற்கேற்ப ஏறும் என்பதால் அங்குதான் இடறுவேன் என்று எண்ணியிருந்தேன், இடறியதோ வேறிடத்தில்.

பத்து இலட்சம் பொருள்களுக்கு பொருளுக்கொன்றாக 128 பரிமாண வெக்டர்கள் (எண் வரிசைகள்) என்றால், 32 பிட் எண்களில் அந்த அட்டவணை 512 எம்பிதான். பயிற்சியின்போது இவ்வெண்களைத் திருத்தும் ஆடம் ஆப்டிமைசர் சேமிக்கும் இரு சராசரிகளையும் சேர்த்தாலும் சமாளிக்கலாம். ஆனால் ஒரு பேட்ச்சுக்கு (ஒரே தடவையில் பயிற்றுவிக்கும் தொகுதிக்கு) 128 பயனர்கள், வரிசை நீளம் 200 என வைத்து முழு சாஃப்ட்மேக்ஸ் (எல்லாப் பொருள்களின் மதிப்பெண்களையும் நிகழ்தகவுகளாக மாற்றுவது) கணக்கிட முனைந்தால், மதிப்பெண் அணிக்கு மட்டும் ஏறத்தாழ 102 ஜிபி தேவைப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு இடத்திற்கும் ஒரே ஓர் எதிர்மறைப் பொருளை (பயனர் தேர்ந்தெடுக்காத ஒன்றை) மட்டும் தற்போக்காக எடுத்துப் பயிற்றுவித்தேன். வேகம் கிடைத்தது; ஆயினும் மாதிரி பெரும்பாலான பொருள்களுக்கு மிகை நம்பிக்கையுடன் மதிப்பெண் தருகிறது. பேட்ச்சில் உள்ள மற்றவர்களின் பொருள்களையே எதிர்மறைகளாகக் கொண்டபோது, பலர் விரும்புபவை அடிக்கடி எதிர்மறைகளாக வந்து, அளவுக்கு மீறித் தண்டிக்கப்பட்டுப் பட்டியலில் கீழிறங்கின.

ஒரு பொருள் எதிர்மறையாக எடுக்கப்படும் நிகழ்தகவின் மடக்கையை மதிப்பெண்ணிலிருந்து கழிக்கும் திருத்தம் நடைமுறையில் போதுமா, அல்லது எதிர்மறைகளின் எண்ணிக்கையைச் சில நூறாக உயர்த்துவதே மேலா? அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன். நூறு பொருள்களை மட்டும் வைத்துத் தரவரிசையிட்ட அளவீடுகள் ஏமாற்றக்கூடியவை என்பதால், முழுப் பட்டியலில் சோதித்த முடிவுகளே எனக்குப் பயன்படும்.